பெத்தசார் வளர்த்த நோயில்லாக் கொடி

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. ஊறுகாய், பொடி வகைகளை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று தெலுங்கில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. சமீபத்தில் ஒரு விழாவுக்கு அழைத்திருந்தார்கள் என்று போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பெண்கள் இருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "மேடம், செருப்ப வெளிய உடச் சொல்றாங்க, சரி. ஊறுகா இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் ஒரு திராட்சைத் தோட்டத்தையும், முறிந்துபோக இருந்த ஒரு சம்பந்தத்தையும், அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வைரஸையும் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கோ புத்தூர் பஸ் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் புத்தூர்க்காரி. திருப்பதியில் தாவரவியல் படித்து, திருப்பதியிலேயே தாவர நோய் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். நான் சேர்ந்த காலத்தில், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, நோய் கண்ட இலையை அரைத்துச் சாற்றை நல்ல செடியின் இலைமேல் விரலால் தேய்த்துவிட்டு, புள்ளி விழுகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருப்போம். பிறகு நிறம் மாறும் தட்டுகள் வந்தன. அப்புறம் பி.சி.ஆர். வந்தது. எல்லாவற்றிலும் ஒரே சங்கடம், தெரிந்த வைரஸை மட்டும்தான் தேட முடியும். கதவைத் தட்டும் ஆளிடம் "நீ முருகேசனா?" என்று கேட்டால் "இல்லை" என்பான். அவன் யார் என்று நமக்குத் தெரியாமலே போய்விடும்.

சீக்வென்சிங் வந்ததும் அந்தச் சங்கடம் தீர்ந்தது. இலையில் உள்ள ஆர்.என்.ஏ. முழுவதையும் பிரித்து, உலர்பனிக்கட்டியில் வைத்துப் பெங்களூருக்கு அனுப்புவோம். அங்கே ஒரு கம்பெனி அதைத் துண்டு துண்டாகப் படித்து, எழுத்துகளாகத் திருப்பி அனுப்பும். அதில் பெரும்பகுதி திராட்சையின் சொந்த எழுத்து. அதைக் கழித்துவிட்டு மிச்சத் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால், இலைக்குள் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியும். கேட்க எளிதாக இருக்கும். திராட்சை இலையிலிருந்து சுத்தமான ஆர்.என்.ஏ. எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். எத்தனை பக்குவமாக அரைத்தாலும் குழாயில் கடைசியில் நிற்பது காப்பி டிகாக்‌ஷன்தான்.

எங்கள் தலைவரை எல்லோரும் பெத்தசார் என்போம். தெலுங்கில் பெத்த என்றால் பெரிய. பதவிதான் பெரிது, ஆள் என் தோள் உயரம். சித்தூர்க்காரர். பாதித் தமிழ், பாதித் தெலுங்கில் பேசுவார். திட்டவே மாட்டார். தப்பு நடந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏமம்மா வசந்தம்மா, இதி சயின்ஸேனா?" என்று கேட்பார். இது விஞ்ஞானம்தானா என்று அர்த்தம். அதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கும்.

அவருக்கு ஒரு செல்லம் இருந்தது. கட்டடத்தின் பின்னால் அவரே நட்டு, அவரே நீர் ஊற்றி, பந்தல் முழுக்கப் படரவிட்ட ஒரு திராட்சைக்கொடி. பழம் வாயில் வைக்க முடியாத புளிப்பு. ஆனால் வேர் உரமானது, எந்தக் கட்டாந்தரையிலும் பிழைக்கும். அதன் குச்சிகளை வேர்விடச் செய்து விவசாயிகளுக்குக் கொடுப்போம். அவர்கள் அதன்மேல் நல்ல கறுப்புத் திராட்சையை ஒட்டுக்கட்டிக்கொள்வார்கள். ஒரு பூச்சி அரித்த இலையைக்கூட அந்தக் கொடியில் யாரும் பார்த்ததில்லை. நாங்கள் மதியச் சாப்பாடு சாப்பிடுவது அந்த நிழலில்தான். ஆய்வுகளில் நோய்ச்செடிக்குப் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல செடி வேண்டுமே, அதற்கும் அதே கொடிதான்.

ஒருநாள் வெதுருகுப்பத்திலிருந்து கோவிந்தசாமி என்ற விவசாயி ஒரு கட்டைப்பையோடு வந்தார். சுற்றிலும் மாந்தோப்பாக இருக்கும் ஊரில், எங்கள் பேச்சைக் கேட்டு, எங்களிடமே வேர்க்கன்று வாங்கித் திராட்சை வைத்த ஒரே ஆள். பையைக் கவிழ்த்தார். இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் குங்குமச் சிவப்பாக, ஓரம் கீழ்ப்பக்கம் சுருண்டு கிடந்தன. காயும் நிறம் ஏறவில்லை, இனிப்பும் ஏறவில்லை என்றார்.

"பார்த்து ரிப்போர்ட் அனுப்புகிறோம்" என்றேன்.

"சீக்கிரமா வோணும் மேடம். இது தோட்டத்து பிரச்ன இல்ல, சம்பந்தி பிரச்ன" என்றார்.

அவர் மகள் துளசியை விஜயபுரத்தில் தேவராஜுலு என்பவர் வீட்டில் கொடுத்திருந்தார். சம்பந்தியும் திராட்சை ஆசைக்காரர். பாத்திரம் பண்டத்தோடு, தன் தோட்டத்துக் கொடியிலிருந்து வேர்விட்ட கன்றுகளையும் ஒரு டிராக்டர் நிறையச் சீராக அனுப்பி வைத்திருந்தார் கோவிந்தசாமி. அவை காய்க்கத் தொடங்கிய பருவத்தில் அங்கேயும் இலை சிவந்துவிட்டது. சீர் கொடுக்கிறேன் என்று சீக்கைக் கொடுத்துவிட்டார் என்பது தேவராஜுலுவின் கட்சி. மண்ணைக் கெடுத்துக்கொண்டு என் கன்றைச் சொல்கிறார் என்பது இவர் கட்சி. பேச்சுவார்த்தை நின்றுபோனது. இதற்கு நடுவில் துளசி உண்டாகியிருந்தாள்.

"தலப்பிரசவம் மேடம். வளகாப்பு போட்டு எங்க ஊட்டுக்கு இட்டுகினு வரணும். அந்த மனுசன் இன்னா சொல்றாரு தெரிமா? எங்கிருந்து சீக்கு வந்துச்சுன்னு கவுர்மெண்ட்டு எழுதிக் குடுக்கட்டும், அப்புறம் பொண்ண அனுப்பறேங்கிறாரு. எம் பொஞ்சாதி சோறு துன்றதில்ல. வைரஸ் வெய்ட் பண்ணும். புள்ள வெய்ட் பண்ணுமா?"

விண்ணப்பங்களில் பரிசோதனையின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் மகசூல் இழப்பு என்று எழுதிவைத்தேன்.

இரண்டு தோட்டத்து இலைகளையும் பெங்களூருக்கு அனுப்பினோம். எழுத்துகள் வந்தன. சேர்த்துப் பார்த்தால் மிளகாய்ச் செடியில் இருக்கும் ஒரு வைரஸ், தலையிலிருந்து வால்வரை முழுசாக நின்றது. அதற்கப்புறம் மிச்சத் துண்டுகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மிளகாய் வைரஸ் திராட்சையில் ஏறியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பெத்தசாருக்குத் தலைகால் புரியவில்லை. கோவிந்தசாமியின் பக்கத்து நிலத்தில் மிளகாய் போட்டிருப்பதை ஃபோனில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். தலைமையகத்துக்குச் சொன்னார். மலைக்கு ஆள் அனுப்பி லட்டு வரவழைத்து எல்லோருக்கும் கொடுத்தார். கோவிந்தசாமி அதற்குள் மிளகாய்க் கொல்லைக்காரரோடு சண்டை போட்டு, ஊரில் அந்தப் பக்கமும் பேச்சை முறித்துக்கொண்டார்.

லட்டைத் தின்றுவிட்டு ஒழுங்குமுறைப்படி மறுசோதனை செய்தோம். இலையே போடாமல் வெறும் தண்ணீர் வைத்து ஒரு குழாயையும் கூடவே ஓட்டுவது வழக்கம். அந்தத் தண்ணீரிலும் மிளகாய் வைரஸ் இருந்தது.

இந்த வைரஸுக்கு உயிர் கெட்டி. மிளகாயைக் காயவைத்து, வறுத்து, இடித்துப் பொடியாக்கினாலும் அதன் தடயம் போகாது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் மதியச் சாப்பாட்டில் காரப்பொடியும் ஆவக்காயும் இல்லாத டிபன் டப்பாவை நான் பார்த்ததில்லை. ஸ்பூனால் சாப்பிடும் ஆளையும் பார்த்ததில்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டுதான் வருவோம். ஆனால் ஆவக்காய் எண்ணெய் நகத்திடுக்கில் மாலைவரை குடியிருக்கும். கையுறை போடும்போதே அந்த விரல்தானே அதைத் தொடுகிறது. உலகத்தில் வேறெங்கே நடந்திருந்தாலும் இந்தப் பிழைக்கு இத்தனை மணம் இருந்திருக்காது.

யாருடைய பொடி என்று ஒரு விசாரணை நடந்தது. என் பொடி புத்தூரில் இடித்தது, என் தோழி ராஜேஸ்வரியுடையது அவள் மாமியார் இடித்தது, பெத்தசாருடையது சித்தூரிலிருந்து மாதாமாதம் வருவது. மூன்றையும் சீக்வென்சிங் செய்தால் தெரிந்துவிடும் என்றாள் ராஜேஸ்வரி. பெத்தசார் கண்ணாடியைக் கழற்றினார். அத்தோடு விசாரணை முடிந்தது.

மறுநாள் வாசலில் பலகை ஏறியது. பெத்தசார் மதியம் வாசலில் நின்று ஒவ்வொருவர் விரலையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார். எனக்குக் கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இவ்வளவு சோதிக்கவில்லை. இன்னொரு விதியும் போட்டார். அது கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இனிமேல் நோய் இலையை எந்தக் கையால், எந்த உரலில் அரைக்கிறோமோ, அதே கையால், அதே உரலில் நோயில்லாத கொடியின் இலையையும் அரைக்க வேண்டும். நோயில்லாத கொடியில் என்னென்ன எழுத்து வருகிறதோ அது அத்தனையும் எங்கள் அழுக்கு, நோய்க்குச் சம்பந்தமில்லாதது. அதை முழுக்கக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பார்க்க வேண்டும். நோயில்லாத கொடி எது என்று யாரும் கேட்கவில்லை. தலைக்கு மேலேயே படர்ந்திருந்தது.

அதன்பின் வந்த முடிவுகளைப் போலச் சுத்தமான முடிவுகளை நான் பார்த்ததே இல்லை. கழித்தோம், ஒன்றும் மிஞ்சவில்லை. இன்னொரு தடவை அனுப்பினோம், கழித்தோம், ஒன்றும் மிஞ்சவில்லை. இலை மட்டும் சிவந்துகொண்டே இருந்தது. ஒட்டுக்கட்டிய கறுப்புத் திராட்சையில்தான் ஏதோ கோளாறு என்று மேல்பாதியையே சந்தேகித்துக்கொண்டிருந்தோம். கோவிந்தசாமி வாராவாரம் வருவார். மாம்பழக் காலத்தில் மாம்பழம், அது போனதும் வேர்க்கடலை. லஞ்சம் மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்றால், "லஞ்சம் குடுத்தா வேல நடக்கும் மேடம். இங்க எங்க நடக்குது?" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார், அதுதான் வலிக்கும். துளசிக்கு ஏழாம் மாதமும் முடிந்தது. அவள் மாமியார் வீட்டிலிருந்து அம்மாவுக்கு ஃபோன் செய்தால் பின்னால் தேவராஜுலு செருமுவது கேட்குமாம்.

அந்தச் சமயத்தில் கவாத்து வந்தது. திராட்சைக்கு வருஷத்தில் இரண்டு முறை கிளைகளை வெட்டிவிடுவார்கள். இலை ஒன்றுகூட நிற்காது, பந்தல் மொட்டையாகிவிடும். தன் கொடிக்குப் பெத்தசார் தன் கையாலேயேதான் கத்தரி போடுவார். அந்த முறையும் போட்டார். அடுத்த நாள் கோவிந்தசாமி புதிதாக இலை கொண்டுவந்தார். ஒப்பிட நல்ல இலை கேட்டால் எங்கள் கொடியில் குச்சிதான் இருந்தது. துளிர்க்கட்டும் என்று காத்திருக்கலாம். எனக்குத் துளசியின் மாதக்கணக்குதான் மனதில் ஓடியது. நல்ல செடி இல்லாமலே, நோய் இலையையும் வெறும் தண்ணீரையும் மட்டும் அனுப்பிவிட்டேன்.

எழுத்துகள் வந்த அன்று கழிப்பதற்கு ஒன்றுமில்லை. திராட்சையின் சொந்த எழுத்தை மட்டும் நீக்கிவிட்டுச் சேர்த்தேன். நீளமாக ஒரு வைரஸ் வந்து நின்றது. தெரிந்த வைரஸ்களோடு ஒப்பிட்டால் திராட்சை இலையைச் சுருட்டும் கூட்டத்துக்குத் தூரத்துச் சொந்தம். பங்காளி, ஆனால் ஒரே வீட்டுக்காரன் இல்லை. அதுவரை யாரும் பதிவு செய்யாத ஆள். தண்ணீரில் ஒரு எழுத்துகூட இல்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இது எந்த ஊறுகாய் என்றுதான் முதலில் யோசித்தேன். ராஜேஸ்வரி என் தோளுக்கு மேலிருந்து பார்த்துவிட்டு, "வசந்தா, லட்டு வேணாம்னு மொதல்லயே சொல்லிடு" என்றாள். பிறகு அவளேதான் கேட்டாள். "இவ்ளோ பெரிசா இருக்குதே, இத்தினி நாளா எங்க போயிருந்துச்சு?"

நாங்கள் கழித்த பக்கம் போயிருந்தது. பழைய எழுத்துகளை எடுத்து, கழிக்காமல் பார்த்தேன். எல்லா முறையும் நோய் இலைகளில் இருந்திருக்கிறது. கூட அனுப்பிய நோயில்லாத கொடியிலும் எல்லா முறையும் இருந்திருக்கிறது. அது பொல்லாத வைரஸ். வேர்க்கொடியில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, கறுப்புத் திராட்சையை மேலே ஒட்டியதும்தான் வேலையைக் காட்டும்.

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. இந்தக் கூட்டத்து வைரஸ் பட்டைக்கு உட்புறம் தங்கும், அதனால் இலை தேவையில்லை. பெத்தசாரின் கொடியில் குச்சியைச் சுரண்டிப் பி.சி.ஆர். ஓட்டினேன். வைரஸ் இருப்பதைக் காட்டும் கோடு பளிச்சென்று விழுந்தது. அந்தக் கொடியிலிருந்து கோவிந்தசாமிக்கு, அவரிடமிருந்து சம்பந்திக்கு. எங்கள் பின்வாசலில்தான் ஆரம்பம்.

பெத்தசாரிடம் யார் சொல்வது என்று நானும் ராஜேஸ்வரியும் ஒரு காப்பி நேரம் விவாதித்தோம். அவளுக்குத் திடீரென்று தலைவலி வந்தது. நான்தான் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"ஏமம்மா, இதி சயின்ஸேனா?"

"சயின்ஸ்தான் சார்" என்றேன்.

அவர் எழுந்து போய்த் தன் விரலைத் தானே மோந்து பார்த்துக்கொண்டார். கையுறை மாட்டினார். கொடியின் அடித்தண்டிலும், பந்தலின் நான்கு மூலையிலும் தானே பட்டை சுரண்டினார். தானே அரைத்தார், தானே ஓட்டினார். எங்களைக் கிட்டே விடவில்லை. முடிவு வந்ததும் மொட்டைப் பந்தலின் கீழே போய் உட்கார்ந்தார். நிழல் இல்லை, வெயில் நேராக மண்டையில் அடித்தது. நான் குடை கொண்டுபோனேன்.

"நல்ல செடின்னு நெனச்சி, பக்கத்துல வச்சி வச்சி, வைரஸ நானே கழிச்சேனம்மா" என்றார். அவரிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு துளசியைப் பற்றிக் கேட்டார். "ஆ அம்மாயிக்கி எத்தன மாசம்?"

"எட்டு நடக்குது சார்."

புது வைரஸ் என்று முறைப்படி அறிவிப்பதற்கு இன்னும் எவ்வளவோ வேலை இருந்தது. வைரஸ் எழுத்தின் இரண்டு முனைகளையும் முழுசாகப் படிக்க வேண்டும், பெயர் வைக்க வேண்டும், கட்டுரை எழுத வேண்டும், அதை யாரோ எங்கேயோ உட்கார்ந்து குறை சொல்ல வேண்டும். பெத்தசார் அதையெல்லாம் பேசவே இல்லை. ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

விஜயபுரத்தில் தேவராஜுலு பெரிய மீசையோடு எங்களை வரவேற்றார். கவர்மெண்ட் ஜீப்பைப் பார்த்ததும் தான் ஜெயித்துவிட்டதாகவே அவருக்கு நினைப்பு. நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "சொல்லுங்க சார். சீக்கு யாரு செடியில இருந்து வந்துச்சு?" என்றார்.

"எங்க செடியில இருந்து" என்றார் பெத்தசார்.

"எங்கன்னா? சம்பந்தி செடியா?"

"காது, அவருது இல்ல. நான் நட்ட செடி. திருப்பதில, எங்க ஆபீஸு பின்னாடி. அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தப்பு எங்களுது."

தேவராஜுலு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் மீசை கொஞ்சம் இறங்கியது. மாதக்கணக்காக ஊட்டி வளர்த்த கோபத்தை இறக்கிவைக்க இடம் தெரியாமல் தவித்தார்.

"இன்னா சார் இது. ஒரு ஆபீசரு ஊட்டுக்கே வந்து தப்பு எங்களுதுன்னு சொல்லிட்டா, நான் யாருகிட்ட சண்ட போடறது?"

பதில் உள்ளிருந்து வந்தது. அவர் மனைவி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தார். பின்னால் துளசி நின்றாள். தேவராஜுலுவின் கண் பெட்டியில் விழுந்தது.

"இது எப்ப கட்டுன?"

"நீ எப்ப சண்டைய நிறுத்துவியோன்னு ரெண்டு மாசமா கட்டி வச்சிகினு கீறேன்" என்றார் அந்த அம்மாள்.

அந்தக் கூடத்திலேயே அவசரமாக ஒரு வளைகாப்பு நடந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். என்னையும் வளையல் போடச் சொன்னார்கள். பெத்தசார் ஓரமாக நின்று, சந்தனக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். யார் அவர் கையில் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நீங்களும் வாருங்கள் என்றதற்குத் தேவராஜுலு மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். "நான் எந்த மூஞ்சிய வச்சிகினு அவரு எதுர்ல நிக்கறது? நீங்களே இட்டுகினு போயி உட்ருங்க சார். நான் அப்பாலிக்கி வர்றேன்" என்றார்.

தாய்வீட்டார் தட்டோடு வந்து அழைத்துப்போக வேண்டிய பெண்ணை, சாம்பிள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து நாங்கள் அழைத்துப்போனோம். புத்தூர், கார்வேட்டிநகரம் வழியாகப் பாதை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெத்தசார் டிரைவரின் தோளைத் தட்டினார். கோவிந்தசாமியிடம் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்தார். ஆராய்ச்சி மாநாடுகளில்கூட அவர் ஒத்திகை பார்த்து நான் கண்டதில்லை.

ஜீப் சத்தம் கேட்டுக் கோவிந்தசாமி தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். கையில் மண்வெட்டி. "ரிப்போர்ட்டு வந்துடுச்சா சார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பின்பக்கம் வளையல் சத்தம் கேட்டு அப்படியே நின்றார்.

"நைனா" என்றாள் துளசி.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அதற்குள் அவர் மனைவி உள்ளிருந்து வந்து பெண்ணைக் கட்டிக்கொண்டார். பெத்தசார் இறங்கி, ஒத்திகை பார்த்ததை ஆரம்பித்தார். "கோவிந்தசாமி காரு, உங்க தோட்டம் கெட்டதுக்கு..."

"இருங்க சார், அவ வெயில்ல வந்துகிறா" என்று சொல்லிவிட்டுக் கோவிந்தசாமி பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் மாமர நிழலில் நின்றோம். வெகுநேரம் கழித்து அவர் ஒரு சொம்பு மோரோடு வந்தார். பெத்தசார் மோரை வாங்காமல், ஒன்று விடாமல் சொன்னார். கொடி தன்னுடையது, கன்று தன் கையால் கொடுத்தது, இந்த வைரஸுக்கு மருந்து கிடையாது, எல்லாவற்றையும் வேரோடு எடுத்துவிட்டுச் சுத்தமான கன்றுதான் வைக்க வேண்டும், முதலில் என்னுடையதை வெட்டிவிட்டுத்தான் உங்களுடையதைத் தொடுவேன் என்றார். சொல்லச் சொல்ல அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது.

கோவிந்தசாமி தன் பந்தலை ஒருமுறை பார்த்தார். சிவந்த இலைகள் வெயிலில் பார்க்க அழகாகத்தான் இருந்தன.

"புடுங்கிடலாம் சார்" என்றார். பிறகு துளசி போய்ப் படுத்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மொள்ளமா பேசுங்க. கொயந்த தூங்கிகினு கீது" என்றார்.